சார்வாள் வீட்டு டிசம்பர்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பணி ஓய்வு பெற்ற கிறிஸ்தவ ஆசிரியத் தம்பதியருக்குக் கிறிஸ்மஸ் ஒருநாள் பண்டிகையாக வருவதில்லை. நவம்பர் கடைசியில் வெள்ளையடிப்பில் தொடங்குகிறது. புத்தாண்டு ஆராதனை முடிந்து, வந்த பிள்ளைகளை ரயிலேற்றிவிட்டு, டப்பாவின் அடியில் கிடக்கும் அச்சுமுறுக்கை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தீர்க்கும்வரை ஐந்தாறு வாரம் ஓடுகிறது. டிசம்பர் 25 அதற்கு நடுவே வரும் ஒரு நாள். அன்றைக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்கு விருந்து தெரியும், வீடு தெரியாது.

இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட தம்பதியர் தெருவுக்குத் தெரு இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 19-ம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலேய மிஷன் சங்கங்களும், நாஞ்சில் நாட்டுப் பக்கம் லண்டன் மிஷன் சங்கமும் வேலை செய்தன. கோயில் கட்டிய ஊரிலெல்லாம் பள்ளிக்கூடமும் வைத்தார்கள். சிற்றூர்களில் வார நாளில் வகுப்பு நடந்த அதே கூரையின் கீழ் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்தது. பெண்களுக்கென்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் வெகு சீக்கிரமே வந்துவிட்டதால், ஆணும் பெண்ணும் வாத்தியார் வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக உண்டு. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தப் பள்ளிகள் அந்தந்தத் திருமண்டலங்களின் பொறுப்பில் தொடர்ந்தன. நெல்லையில் 'டி.டி.டி.ஏ. பள்ளிக்கூடம்' என்றால் விளக்கம் கேட்கிறவர் கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் சம்பளமும் அரசுச் சம்பளம், ஓய்வூதியமும் அரசு ஓய்வூதியம். 2003 ஏப்ரல் 1-க்கு முன் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம். அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் பங்களிப்புத் திட்டத்துக்குள் போனார்கள். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் மாதம் பிறந்தால் பணம் வருகிற இந்தத் தலைமுறை, பிள்ளைகளிடம் கை நீட்டாமல் பண்டிகை கொண்டாடுகிறது. அவர்கள் டிசம்பருக்கு ஒரு நிமிர்வு இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஊருக்குக் கணவர் 'சார்வாள்', மனைவி 'டீச்சர்'. ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆனாலும் இந்த இரண்டும் மாறுவதில்லை. மளிகைக்கடைக்காரர், ஆட்டோக்காரர், வங்கியில் டோக்கன் கொடுக்கிறவர் என்று பாதிப் பேர் பழைய மாணவர்கள். நட்சத்திரம் மாட்ட ஏணி வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்ற யோசனையே அந்த வீட்டில் எழாது.

அன்றாடம் என்று பார்த்தால் டிசம்பரிலும் பெரிய மாற்றம் இல்லை. விடியுமுன் எழுந்து குடும்ப ஜெபம், காபி. பாளையங்கோட்டைக்காரர் என்றால் வ.உ.சி. மைதானத்தில் ஒரு நடை. பேப்பர். பிறகு மார்க்கெட். மாத்திரைகள் கிழமை எழுதிய டப்பாவில் காலை, இரவு என்று பிரிந்து கிடக்கும். மாறுவது காதில் விழுகிற சத்தம். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடுகிறது. நெல்லையப்பர் கோயில் பக்கமும் பாளை கோபாலசாமி கோயில் பக்கமும் விடிகாலையில் திருப்பாவை, திருவெம்பாவை ஒலிக்கும். இரவில் அதே தெருவுக்குள் கேரல் குழு வரும். ஒரே தூக்கத்தின் இரண்டு முனையிலும் பாட்டு. இதைக் குறையாகச் சொல்லும் முதியவரை இங்கே காண்பது அரிது.

முதல் வேலை வீட்டைச் சரிசெய்வது. வடகிழக்குப் பருவமழை விட்ட இடைவெளி பார்த்து வெள்ளையடிக்க வேண்டும். அது வெள்ளையடிக்கிறவரின் நாளையும் வானத்தின் மனதையும் பொறுத்தது. நட்சத்திரம் முன்பெல்லாம் மூங்கில் சிம்பில் காற்றாடித்தாள் ஒட்டி, உள்ளே குண்டு பல்பு தொங்கவிட்டுச் செய்வது. மழையில் நனைந்தால் தாள் கிழியும், அடுத்த நாள் பசை காய்ச்சி மறுபடி ஒட்டுவார்கள். இப்போது எல்.இ.டி. நட்சத்திரம் கடையில் தொங்குகிறது. குடில் வைப்பது கத்தோலிக்க வீடுகளில் கட்டாயம். குமரி மாவட்டத்தில் அது ஊர்ப்போட்டி. இளைஞர்கள் மலை, ஓடை, வயல் எல்லாம் செய்து தெருவையே பெத்லகேம் ஆக்கிவிடுவார்கள். சாயங்காலம் கைப்பிடித்து நடந்து போய் ஒவ்வொரு ஊர்க் குடிலாகப் பார்த்து வருவது அங்குள்ள முதியோரின் செலவில்லாத உல்லாசப் பயணம்.

கத்தோலிக்கரின் நாள்காட்டி இன்னும் முன்னதாகவே ஆரம்பிக்கிறது. நவம்பர் 2-ல் இறந்தோர் நினைவு நாளுக்குக் கல்லறைத் தோட்டம் சுத்தமாகும். அந்த மாதக் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயிலில் பத்து நாள் திருவிழா தொடங்கி டிசம்பர் 3-ல் முடியும். அன்று குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. கோட்டாறு திருவிழாவுக்குப் போய்வந்தால்தான் கிறிஸ்மஸ் வேலையில் கை ஓடும் என்று சொல்கிற ஆச்சிகள் உண்டு.

அடுப்படியில்

பலகாரம் சுடுவது டிசம்பர் இரண்டாம் வாரம். பிளம் கேக்குக்கான உலர்பழம் அதற்கு முன்பே ஊறத் தொடங்கியிருக்கும். ஆனால் கேக்கைப் பேக்கரியிலும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் செய்தே ஆக வேண்டியவை அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும். இந்த இரண்டிலும் ஒருவர் கை போதாது.

அச்சுமுறுக்குக்குப் பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள். மாவு தோசைமாவைவிட நீர்க்க இருக்க வேண்டும். பூ வடிவ அச்சை எண்ணெயிலேயே போட்டு நன்றாகச் சூடாக்கி எடுத்து, மாவில் முக்கால் பங்குதான் முக்க வேண்டும். முழுதும் முக்கினால் மாவு அச்சின் தலையைச் சுற்றி மூடிக்கொண்டு எண்ணெயில் கழன்று விழாது. அச்சு சூடு குறைந்தால் மாவு பிடிக்காது. சூடு மிஞ்சினால் மாவுப் பாத்திரத்திலேயே வெந்து கட்டியாகிவிடும். புது அச்சு எப்போதும் வம்பு பண்ணும் என்பதால் மாமியார் காலத்து அச்சைத் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். டீச்சர் அச்சைப் பிடிக்க, சார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சிவந்து மிதக்கும் முறுக்கைக் கம்பியால் குத்தி எடுத்து வடிதட்டில் போடுவார். நாற்பது வருடம் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவருக்கு இந்த வேலையில் பதவி உதவியாளர்தான். இரண்டு பேரில் யாருக்கு முழங்கால் வலி குறைவு என்பதைப் பொறுத்து வேலை இடம் மாறும் வீடுகளும் உண்டு.

முந்திரிக்கொத்து இன்னும் பொறுமை கேட்கும். பாசிப்பயற்றை வறுத்து உடைத்துத் திரித்து, வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலம், சுக்கு சேர்த்து, கருப்பட்டி அல்லது வெல்லப்பாகில் பிசைந்து, சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். பாகு இளகினால் உருண்டை உடையும், முறுகினால் கல்லாகும். ஒரு நாள் காயவிட்டு, மூன்று மூன்றாகச் சேர்த்து அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தெடுத்தால் கொத்து தயார். ஈரம் படாமல் வைத்தால் இரண்டு மூன்று வாரம் கெடாது. வெளிநாட்டுக்குப் பார்சல் போகிற பலகாரமும் இதுதான். சர்க்கரை நோய் உள்ள வீட்டில் சுடாமல் இருப்பார்களா என்றால், இருப்பதில்லை. சுடுவார்கள், எண்ணிக் கொடுப்பார்கள், ஆளுக்கொன்று தாங்களும் சாப்பிட்டுவிட்டு இரவு மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

கிறிஸ்மஸுக்கு முதல்நாளும் அன்றும் பக்கத்து வீடுகளுக்குத் தட்டு போகும். இந்து வீடுகளுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் அது போகாவிட்டால் அந்த வீட்டில் கிறிஸ்மஸ் நடந்ததாகக் கணக்கில்லை. தீபாவளிக்கு வந்த அதிரசத் தட்டும், ரம்ஜானுக்கு வந்த பிரியாணித் தூக்குவாளியும் திரும்பிப் போகும் வழி இது.

ராத்திரி வரும் பாட்டு

டிசம்பர் முதல் வாரத்திலிருந்தே சபை வாலிபர்கள் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பிவிடுவார்கள். ஜெனரேட்டர் ஏற்றிய மினி லாரி, கீபோர்டு, டிரம், முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா. அந்தத் தாத்தா ஆட்டத்தைப் பார்த்துக் குழந்தைகள் அழுவதும் சிரிப்பதும் வழக்கம். எந்தத் தெரு எந்த நாள் என்று கோயிலில் அறிவித்திருப்பார்கள். மணி மட்டும் அறிவிப்பில் இருக்காது.

முதியோர் இருக்கும் வீட்டில் அன்று கேட் பூட்டப்படாது. முற்றத்து விளக்கு எரியும். காணிக்கைக் கவர், சுக்குக்காபிப் பிளாஸ்க், ஒரு தட்டில் பலகாரம், வேதப்புத்தகம் எல்லாம் முன்னறை மேசையில். ஒன்பது மணிக்கு வர வேண்டிய குழு பன்னிரண்டுக்கும் வரும், ஒன்றரைக்கும் வரும். சார் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார், டீச்சர் தூங்க மாட்டார். குழு வந்ததும் இரண்டு பாட்டு. வாலிபர்கள் புதுப்பாட்டு எடுப்பார்கள். பெரியவர் பழைய கீர்த்தனை ஒன்று கேட்பார். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபின் பெரிய பெயரான வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் பிறந்தது இந்தத் திருநெல்வேலியில்தான். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து தஞ்சாவூரில் புகழ் பெற்றார். அவர் பாட்டுகளுக்கு ராகமும் தாளமும் உண்டு, ஓட்டத்துக்குப் பாடினால் சுவை போய்விடும். நேரம் ஆகிவிட்டது என்று வாலிபர்கள் அவசரப்படுத்த, பெரியவர் கையால் தாளம் போட்டு அதை இழுத்துப் பிடிக்கிற காட்சி பல வீடுகளில் நடக்கும். கடைசியில் உபதேசியாரோ குழுவில் மூத்தவரோ ஜெபம் பண்ணிக் கிளம்புவார்கள்.

தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும் வயதில் இது சரியா என்று கேட்கலாம். சரியில்லைதான். முதியோர் வீடுகளை முதலில் முடித்துவிட்டு மற்ற வீடுகளுக்குப் போகும் சபைகள் சில உண்டு; எல்லாச் சபையும் அப்படிச் செய்தால் பாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பகல் பயணங்கள்

பலகாரம் சுட்டு முடிந்து பிள்ளைகள் வருவதற்குள் ஒரு வாரம் கிடைக்கும். தம்பதியர் வெளியே போவது இந்த இடைவெளியில். பெரிய சுற்றுலா எதுவும் கிடையாது. காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்புகிற பயணங்கள். போகிற இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை: சொந்த ஊர், முன்பு வேலை பார்த்த ஊர், பேர் பெற்ற கோயில்.

ஜவுளிக்குப் போவதும் இதில் சேரும். உள்ளூரில் நகரப் பேருந்துதான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் டீச்சருக்கு இலவசம், சாருக்கு மட்டும் டிக்கெட். "உங்களாலதான் செலவு" என்று டீச்சர் சொல்ல, சார் சில்லறை தேடுவது பாளை பேருந்துகளில் பழகிப்போன வேடிக்கை. வண்ணாரப்பேட்டைக் கடையில் பேரப்பிள்ளைகளுக்கு அளவு தெரியாமல் துணி எடுத்து, வீடியோ அழைப்பில் மருமகளுக்குக் காட்டி, நிறம் மாற்றி வருவதற்குள் மதியம் ஆகிவிடும். தங்களுக்கு என்று எடுப்பது ஒரு வேட்டி சட்டை, ஒரு வெளிர்நிறப் புடவை.

திருச்செந்தூர் ரயில் பாதை முதியோருக்குத் தோதானது. படி குறைந்த நிலையங்கள், கழிவறை உள்ள பெட்டி, குறைந்த கட்டணம். தாமிரபரணி ஓரமாக ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி தாண்டினால் நாசரேத். அங்கிருந்து மெஞ்ஞானபுரத்துக்குப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்கலாம். தேரிக்காட்டுச் செம்மணலும் பனைகளுமாக இருக்கும் வெளியில், 192 அடி உயரக் கோபுரத்தோடு நிற்கிறது தூய பவுல் ஆலயம். ஜான் தாமஸ் ஐயர் கட்டி 1847-ல் அர்ப்பணித்தது. கோபுரம் வெகு தொலைவிலேயே தெரியும். பக்கத்தில் போனபின் அண்ணாந்து பார்க்கக் கழுத்து இடம் கொடுக்காது என்பதால் பெரியவர்கள் தூரத்திலேயே நின்று பார்த்துவிடுகிறார்கள்.

இடையன்குடி வேறு மாதிரி. திசையன்விளை பக்கம், மணல் பூமி. 1841-ல் அங்கே வந்து சேர்ந்த கால்டுவெல் கட்டிய தூய திரித்துவ ஆலயம் முடிய முப்பது வருடங்களுக்கு மேல் பிடித்து, 1880-ல் பிரதிஷ்டை ஆனது. 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர் இந்தச் சிற்றூரில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார். 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரின் உடலை இங்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லம். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் இங்கே வந்தால் சீக்கிரம் கிளம்புவதில்லை. மனைவி கணக்கு டீச்சர் என்றால் கொஞ்சம் வாக்குவாதம் வரும். அதே பக்கம் உவரி அந்தோணியார் கோயிலும், கடலோரமாக வடக்கே போனால் மணப்பாடும். 1542-ல் இந்தக் கடற்கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகையும் அதன்மேல் மணற்குன்றில் திருச்சிலுவைக் கோயிலும் அங்கே இருக்கின்றன. காற்று பலமாக அடிக்கும், ஏற்றமும் உண்டு. மூட்டுவலிக்காரர் கீழேயே இருந்துகொள்வது நல்லது.

வெளியூர் போக முடியாதவர்களுக்குப் பாளையங்கோட்டையே போதும். குளோரிந்தா அம்மையார் கட்டுவித்து 1785-ல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்த சிறு கோயிலும், ரேனியஸ் ஐயர் காலத்தில் 1826-ல் எழுந்து இன்று கதீட்ரலாக இருக்கும் ஊசிக்கோபுரக் கோயிலும் நடை தூரத்தில் உள்ளன. நாகர்கோவில்காரர்களுக்கு அது போலவே ஹோம் சர்ச். 1819-ல் மீட் ஐயர் காலத்தில் அஸ்திவாரம் போடப்பட்டது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான பயணம் சொந்த ஊருக்குப் போவது. பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து கூட்டி, கோயிலுக்கு ஒரு காணிக்கை கொடுத்து, அப்பா அம்மா கல்லறையில் புல் செதுக்க ஆள் பிடித்து, பெயர் எழுதிய கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வருவார்கள். ஊரில் மிஞ்சியிருப்பவர்களும் இவர்கள் வயதுக்காரர்களே. யார் போய்விட்டார்கள், யாருக்கு ஆபரேஷன் என்ற விசாரிப்பில் பாதி நாள் போகும்.

பருவமழை இந்தத் திட்டங்களை எப்போது வேண்டுமானாலும் கலைக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. அந்த ஆண்டு ஆற்றோர ஊர்களில் நட்சத்திரம் மாட்டியிருந்த வீடுகளுக்குள் சேறு வாரினார்கள். கோயில்கள் நிவாரணச் சமையல் கூடங்களாயின. பொட்டலம் கட்டியவர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர்.

25-ம் தேதியும் அதற்குப் பிறகும்

பிள்ளைகள் 23 அல்லது 24-ல் வந்து சேர்வார்கள். சென்னை, பெங்களூரிலிருந்து ரயிலில்; வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரம் வழியாக. அதோடு வீட்டின் நிர்வாகம் கைமாறிவிடும். தொலைக்காட்சி ரிமோட் பேரன் கையில், அடுப்படி மகள் கையில். கத்தோலிக்கர் 24 இரவு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போவார்கள், சி.எஸ்.ஐ. கோயில்களில் 25 விடியுமுன் ஆராதனை. அந்தக் குளிரில் குளித்து, புதுத்துணி மடிப்புக் கலையாமல், முழங்கால் உறையோடு பெரியவர்கள்தான் முதலில் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மதியம் ஆட்டுக்கறி விருந்து. சாயங்காலம் தூக்கம்.

26-ம் தேதி கடற்கரை ஊர்களில் அமைதியாகக் கழியும். 2004-ல் அதே நாள் காலையில் சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று குமரிக் கடற்கரை முழுக்க உயிர்ச்சேதம். வேளாங்கண்ணியில் கிறிஸ்மஸுக்கு வந்து தங்கியிருந்த பயணிகள் பலரும் போனார்கள். நினைவுத் திருப்பலியும் மெழுகுவர்த்தி ஊர்வலமும் கடற்கரை ஊர்களில் இப்போது பண்டிகையின் பகுதியாகிவிட்டன.

பேரப்பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போவது 27, 28 வாக்கில். பள்ளி விடுமுறைக் கூட்டமும் ஐயப்ப பக்தர் கூட்டமும் சேர்ந்து படகுத்துறை வரிசை நீளும். 2024 டிசம்பர் 30-ல் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்தபின் ஒரு படகுப் பயணத்திலேயே இரண்டையும் பார்க்க முடிகிறது. தாத்தாவும் ஆச்சியும் பெரும்பாலும் கரையில் பைகளுக்குக் காவல்.

31 இரவு ஆண்டிறுதி ஆராதனை, நள்ளிரவு தாண்டிப் புத்தாண்டு வாக்குத்தத்த வசனம், உடன்படிக்கை ஆராதனை, திருவிருந்து. வாக்குத்தத்த அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகிவிட்டு, ஜனவரி முதல் வாரத்தில் பிள்ளைகளை வழியனுப்பினால் பருவம் முடிந்தது.

ரயில்வேயில் முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளைப் பார்க்கத் தாங்களே சென்னைக்குப் போய்வரலாம் என்று நினைத்த பல தம்பதியரை அது வீட்டோடு நிறுத்தியிருக்கிறது. ஆக, வர வேண்டியவர்கள் பிள்ளைகளே. வருகிறவர்கள் 24-ம் தேதி நெரிசலில் வந்து 27-ல் ஓடுவதைவிட, ஒரு வருடமாவது டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வந்து பார்க்கலாம். முந்திரிக்கொத்து உருட்ட ஆள் தேவைப்படுவதும் கேரல் வருவதும் அப்போதுதான். முன்பதிவுக் காலம் இப்போது 60 நாள். டிசம்பர் 10-ம் தேதி ரயிலுக்கு அக்டோபர் 11-ல் டிக்கெட் கிடைக்கும்.